திருப்பி நிறுத்தின கேரவன்

"துபாய்ல புருஷன்கூட ஜம்முனு இருக்கறத விட்டுட்டு எதுக்கு ஷியாமளா திரும்பி வந்தே?" உறையூர்ல என்னைப் பார்த்தவங்க எல்லாரும் கேட்டாச்சு. காய்காரி கேட்டாச்சு, தபால்காரர் கேட்டாச்சு, மாவு மிஷின்ல வரிசைல நிக்கிறப்ப முன்னப்பின்ன தெரியாத ஒருத்தி கேட்டாச்சு. நான் இருந்தது துபாயே இல்ல, ஷார்ஜா. ஆனா எங்க தெருவுக்கு அரபு நாடுன்னா எல்லாமே துபாய்தான். "வெயில் ஒத்துக்கல"ன்னு சொல்லி வாயை அடைச்சிடுவேன். பச்சைப் பொய். திருச்சில இல்லாத வெயிலா?

நடந்தத இன்னைக்குச் சொல்லிடறேன். மூணு வருஷமா உள்ளுக்குள்ள வெச்சுப் புழுங்கினது போதும்.

எங்க வீட்டுக்காரர் பேரு சேதுமாதவன். சர்வேயர். ரோடு போடறதுக்கு முன்னாடி கருவியை முக்காலில நிறுத்தி, ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு அளப்பாங்க பாருங்க, அந்த வேலை. சட்டைப் பையில சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் எப்பவும் இருக்கும். எங்க போய் உக்காந்தாலும் அதை எடுத்து மேஜை மேல வெச்சு, நடுவுல இருக்கிற குமிழி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்ப்பார். எங்க கல்யாணத்துல மணவறைப் பலகை மேலயே வெச்சுப் பார்த்த மனுஷன். எங்க அப்பாவுக்கு அன்னைக்கு வந்த கோபம் இன்னும் தீரல. பேச்சு ரொம்பக் கம்மி. கையெழுத்து மட்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். அவர் எழுதற கவரை ரசிச்சுப் பார்த்துட்டுத்தான் தபால்காரர் என்கிட்டயே குடுப்பார்.

எழுபத்தொண்ணு கடைசில அவர் அங்க போனார். போறப்ப நான் அஞ்சு மாசம் முழுகாம இருந்தேன். ஜலஜாவை அவர் முதல்ல பார்த்தது அவளுக்கு ஒண்ணே கால் வயசு ஆனப்புறம்தான். தூக்கப் போனார். குழந்தை யாரோ பிள்ளை பிடிக்கிறவன் வந்த மாதிரி வீல்னு கத்தி என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. அந்த லீவு முப்பது நாளும் அவ அவர்கிட்ட போகவே இல்ல. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறப்ப, "என்ன பாடு பட்டாவது உங்களை அங்க கூட்டிட்டுப் போயிடறேன்"னார். கண் கலங்கியிருந்துச்சு. நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

சொன்ன மாதிரியே எழுபத்தஞ்சுல கூப்பிட்டுக்கிட்டார். ஷார்ஜாவுல ரோலாங்கற இடத்துல, பெரிய ஆலமரம் இருக்கிற மைதானத்துக்குப் பின்னால ஒரு வீடு. ஒரு ரூம்ல நாங்க, இன்னொரு ரூம்ல பத்மநாபன்னு ஒரு பேங்க்காரர் குடும்பம், நடுவுல பொதுவா ஒரு சமையல்கட்டு. கூட்டிட்டு வந்தாச்சே தவிர, அவர் எங்களோட இருந்தாரா? இல்ல. அவர் கம்பெனி மலைப்பக்கம் ரோடு போட்டுட்டு இருந்துச்சு. ரோடு நீள நீள கேம்ப்பும் தள்ளிப் போயிட்டே இருக்கும். வியாழக்கிழமை ராத்திரி லாரில தொத்திக்கிட்டு வருவார். வெள்ளிக்கிழமை முழுக்க இருப்பார். சனிக்கிழமை விடியறப்ப ஆள் இருக்க மாட்டார். பத்மநாபன் பொண்ணு ஒரு நாள் ஜலஜாகிட்ட, "உங்கப்பா எங்கே?"ன்னு கேட்டுச்சு. "எங்கப்பா வெள்ளிக்கிழமைதான் வரும்"னா இவ. பால் பாக்கெட் வர்ற மாதிரி சொல்றாளேன்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவருக்கு வரல.

எழுபத்தாறு பிப்ரவரில பத்மநாபன் குடும்பம் ஊரோட போகப் போறதாச் சொல்லிட்டாங்க. வீடு அவர் பேர்ல இருந்ததால மார்ச் முடியறதுக்குள்ள நாங்களும் காலி பண்ணணும். அப்ப ஷார்ஜாவுல வாடகை ஏறின ஏத்தத்துக்குத் தனி வீடெல்லாம் எங்களுக்கு எட்டாக்கனி. நானும் குழந்தையும் திருச்சிக்குத் திரும்பறதத் தவிர வேற வழி தெரியல. அப்பத்தான் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து, தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

"கேம்ப்ல ஒரு கேரவன் காலியா இருக்கு. வெள்ளைக்கார இன்ஜினியர் இருந்தது. எனக்குத் தரேங்கறாங்க. குடும்பத்தோட இருந்துக்கலாமாம்."

"கேரவன்னா?"

"சக்கரம் வெச்ச வீடு. உள்ளயே சமையல், படுக்கை, கக்கூஸ் எல்லாம் இருக்கு. ரோடு முன்னால போறப்ப வண்டில மாட்டி இழுத்துட்டுப் போயிடுவாங்க."

"நாம என்ன சர்க்கஸ்காரங்களா?"ன்னு கேட்டேன். எனக்குக் கோபம் வந்தா வாய் கொஞ்சம் நீளம்தான். "எங்கப்பா கேட்டா என்ன சொல்றது? உங்க பொண்ணு வண்டில குடித்தனம் பண்றான்னா? நாலு வயசுக் குழந்தைக்கு ஜுரம் வந்தா எந்தப் பாலைவனத்துல போய் டாக்டரைத் தேடறது? பேச ஒரு பொம்பளை உண்டா அங்க?"

"இல்ல. நாப்பது மைலுக்குக் கிடையாது"ன்னார். பொய் சொல்லிச் சமாளிக்கத் தெரியாத மனுஷன். அப்புறம், "ஆனா தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வரலாம்"னார். அவ்வளவுதான். அதுக்கு மேல வற்புறுத்தல.

தினமும் மத்தியானம். அந்த ரெண்டு வார்த்தை என்னைத் தூங்க விடல. கடைசில, "சரி, பத்து நாள் வந்து இருந்து பார்க்கறேன். பிடிச்சா இருக்கேன், இல்லேன்னா மாசக் கடைசில என்னையும் குழந்தையையும் கப்பல் ஏத்திடணும்"னேன். ட்ரங்குப் பெட்டில துணியை அடுக்கினேன். அங்க போனாலும் பெட்டியிலிருந்து எதையும் வெளிய எடுத்து வைக்கக் கூடாதுன்னு வைராக்கியமா இருந்தேன். எடுத்து வெச்சா இருக்கறதா அர்த்தம் ஆயிடுமே!

முதல் நாளே துபாய் போய், பர் துபாய் கோயில் தெருவுல கற்பூரம், ஊதுவத்தி, ரெண்டு முழம் பூ வாங்கிக்கிட்டு, வெள்ளிக்கிழமை காலைல கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரே வரிசையா ஆறு கேரவன். எல்லாம் ஒரே பக்கமா மூக்கை நீட்டிக்கிட்டு நின்னுச்சு. எங்களுது கடைசி. கிரீம் கலர், ஓரமா ஒரு பச்சைக் கோடு. பார்க்க என்னவோ லட்சணமாத்தான் இருந்துச்சு. நான் வாசல் எந்தப் பக்கம்னு பார்த்தேன். தென்மேற்கு. எனக்குப் பகீர்னுச்சு.

"தென்மேற்கு பார்த்த வாசல்ல நான் பால் காய்ச்ச மாட்டேன்"னேன்.

"இங்க ஷமால்னு ஒரு காத்து அடிக்கும் ஷியாமளா. வடமேற்கிலிருந்து வரும். கேரவன் மூக்கு அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிக்கணும். பக்கவாட்டுல வாங்கினா தாங்காது. அதான் நாலு மூலையிலும் சங்கிலி போட்டு முளையில கட்டியிருக்கு."

"வாசல் சரியில்லாத வீட்டுல என் குழந்தையை வெச்சுக்க மாட்டேன். கிழக்க திருப்புங்க, இல்லேன்னா இப்பவே ரோலாவுக்குத் திரும்பிடலாம்."

சோலைமுத்துன்னு ஒருத்தர் தண்ணி லாரி ஓட்டறவர். முதுகுளத்தூர்ப் பக்கம். என் வீட்டுக்காரர்கிட்ட ரொம்பப் பிரியம். பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தவர் தலையைச் சொறிஞ்சார். "சார், கேம்ப் பாஸ் லீவுல போயிருக்கான். திங்கக்கிழமைதான் வருவான். அக்கா ஆசைப்படுறாங்க. பால் காய்ச்சுற நேரம் வரைக்கும் திருப்பிட்டு, சாயங்காலமே பழையபடி நிறுத்திப்புடலாம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. நாங்க அங்க தங்கணும்ங்கற ஆசை அவருக்கு அவ்வளவு இருந்துச்சு. சங்கிலியை அவுத்து, லாரில மாட்டித் திருப்பினாங்க. திருப்பினதும் கருவியைக் கொண்டு வந்து முக்காலில நிறுத்தி, டிகிரி பிசகாம நேர் கிழக்கா நிறுத்தினார் பாருங்க, எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. "இந்தப் பூமியிலேயே இவ்வளவு சுத்தமா கிழக்கு பார்த்த வாசல் வேற எவனுக்கும் இருக்காது"ன்னார். உள்ள வந்து அடுப்பு மேடையில ரசமட்டத்தை வெச்சார். குமிழி நடுவுல நின்னுச்சு. ஆனா சங்கிலி புது இடத்துக்கு எட்டல. மேற்குப் பக்கம் ரெண்டு கயிறு மட்டும் போட்டு முளையில கட்டினாங்க.

மணல்ல கோலம் போட்டேன். பால் பொங்கிச்சு, அதுவும் கிழக்குப் பக்கமாவே பொங்கி வழிஞ்சுது. எனக்குச் சந்தோஷம் தாங்கல. சாயங்காலம் அவர் திருப்பறதுக்கு லாரியோட வந்தப்ப, நான் வாசல்ல நின்னுக்கிட்டு, "பால் காய்ச்சின வீட்டை மூணு நாளைக்கு அசைக்கக் கூடாது"ன்னேன்.

அப்படி ஒரு சாஸ்திரமே கிடையாது. அசையற வீட்டுக்கு எவன் சாஸ்திரம் எழுதினான்? நானா அந்த நிமிஷத்துல இட்டுக் கட்டினது. என் பேச்சு எவ்வளவு தூரம் செல்லும்னு பார்க்கற ஒரு திமிர், வேற என்ன சொல்ல. அவர் வானத்தைப் பார்த்தார். துளி மேகம் இல்ல, காத்து இல்ல. "சரி, திங்கக்கிழமை காலைல பாஸ் வர்றதுக்குள்ள திருப்பிடணும்"னு போயிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தார். ஜலஜா வாசப்படியில உக்காந்து மணல்ல விளையாடிட்டு இருந்தவ நிமிர்ந்து பார்த்து, "இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?"ன்னா.

"இல்லடா கண்ணு. சனிக்கிழமை."

"அப்ப ஏன் வந்தே?"

"இனிமே தினமும் வருவேன்."

அவ நம்பல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூரத்துல அவர் தலை தெரிஞ்சதும் எழுந்து ஓடினா பாருங்க, ஒரு செருப்பு எங்கயோ, இன்னொரு செருப்பு எங்கயோ! அவர் தோள்ல ஏறிக்கிட்டு வந்து, அவர் தட்டுலயே சாப்பிட்டா. ரசமட்டத்தை வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு, "ஓடுது, ஓடுது"ன்னு குமிழியைத் துரத்தினா. ஒண்ணே கால் வயசுல வீல்னு கத்தின அதே குழந்தை.

அவர் வேலைக்குத் திரும்பிப் போனதும் நான் முடிவு பண்ணிட்டேன். கக்கூஸ் வாளியை நாமளே கொட்டணும், தண்ணியை அளந்து புழங்கணும், மணல் சோத்துலயும் இருக்கும், தலையணையிலும் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். பேச ஆள் இல்லேன்னா சுவத்தோட பேசிக்கறேன். ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, புடவை, பாவாடை, அவர் வேட்டி எல்லாத்தையும் எடுத்து கேரவன் அலமாரில அடுக்கினேன். காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளினேன். சாயங்காலம் அவர் வந்ததும் வாயால சொல்லிக்கலாம், வெறும் வாயோட எதுக்குன்னு கேசரி கிண்டினேன்.

மூணு மணி இருக்கும். ஜன்னல் வெளிச்சம் திடீர்னு பழுப்பாச்சு. ஓன்னு ஒரு சத்தம். கேரவன் மேற்குப் பக்கமா அடி வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கிச்சு. விளக்கு கவுந்துச்சு. நான் பாய்ஞ்சு போய் அடுப்பை அணைச்சேன். வாணலி கேசரியோட தரையில. தரை ஒரு பக்கமாத் தூக்கி, மறுபடி தொம்முனு இறங்குச்சு. ஜலஜா அலறிக்கிட்டு மேஜைக்கு அடியில புகுந்துட்டா.

யாரோ கதவை உடைக்கிற மாதிரி தட்டினாங்க. சோலைமுத்து. "அக்கா, வெளிய வாங்க! கயிறு தாங்காது! இந்தப் பக்கமாத்தான் சாயும், வாங்கக்கா!"

குழந்தையோ மேஜைக் காலைக் கட்டிக்கிட்டு விட மாட்டேங்கறா. ஒவ்வொரு தடவை தரை தூக்கறப்பவும் நான் அவ மேல போய் விழறேன். அந்தச் சமயத்துல, காத்தைப் பார்த்து வேலையிலிருந்து ஓடி வந்த அவர் குரல் மேற்குப் பக்கத்திலிருந்து கேட்டுச்சு. "ஷியாமளா, நான் பிடிச்சிருக்கேன்! பயப்படாம இறங்கு!" ஒரு கயிறு முளையோட பிடுங்கிக்கிட்டுப் போயிருக்கு. இன்னொண்ணை வலது கையில சுத்திக்கிட்டு, தன் உடம்பு மொத்தத்தையும் போட்டுத் தொங்கியிருக்கார். அம்பத்தெட்டு கிலோ ஆளு ஒரு வீட்டைப் பிடிச்சு நிறுத்தப் பார்த்தார்! நான் குழந்தையோட விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சுத் தூக்கிக்கிட்டு வாசல்ல குதிச்சேன். சோலைமுத்து எங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு ஓடினார். பத்தடி கூடப் போயிருக்க மாட்டோம். கேரவன் அப்படியே எழும்பிச் சாய்ஞ்சுச்சு. எந்த வாசலுக்காக நான் ஒத்தைக் கால்ல நின்னேனோ, அந்த வாசல் மேலயே விழுந்துச்சு.

கயிறு அவர் கையிலிருந்து உருவிக்கிட்டுப் போனப்ப ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு.

ஆஸ்பத்திரில மூணாம் நாள்தான் அவரோட தனியாப் பேச எனக்கு முடிஞ்சுது. அதுக்கு முன்னாடியே கேம்ப் பாஸ் வந்து, யார் திருப்பினதுன்னு கேட்டுட்டுப் போயிருந்தான். "நான்தான். கழிவுத் தண்ணி வடியறதுக்காகத் திருப்பினேன்"னு சொல்லியிருக்கார். என் பேரையே எடுக்கல. இனிமே கேரவன்ல குடும்பம் கூடாதுன்னு கம்பெனி சொல்லிடுச்சு. நான் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தேன். துணி சுத்தின கையையே பார்த்துக்கிட்டிருந்தேன். அந்த அழகான கையெழுத்து இனிமே எங்கேர்ந்து வரும்னு நினைச்சேன்.

"நல்லதாப் போச்சு ஷியாமளா"ன்னார். "எப்படியும் நீ வேணாம்னுதான் சொல்லியிருப்பே. அதை உன் வாயால சொல்ற சங்கடம் உனக்கு இல்லாம போச்சு."

இல்லீங்க, நான் இருக்கேன்னு சொல்லத்தான் இருந்தேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்ன ஆகும்? இவ மட்டும் அந்த மூணு நாள் பிடிவாதம் பிடிக்காம இருந்திருந்தா நாம சேர்ந்து இருந்திருப்போமேன்னு அவருக்குத் தோணாதா? அந்த எண்ணத்தோட என்னைப் பார்க்கற கண்ணை நான் எப்படிப் பார்க்கறது? பயம். சுத்தமான பயம். ஆமான்னு தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் கண்ணை மூடிக்கிட்டார்.

மாசக் கடைசில நானும் ஜலஜாவும் பம்பாய்க் கப்பல் ஏறினோம். அவர் அதே கேரவனை நிமித்தி, நசுங்கின பக்கத்தைத் தட்டிச் சரி பண்ணி, மூக்கு காத்தைப் பார்க்க நிறுத்தி, தனியா இருந்தார். இடது கையால எழுதப் பழகிக்கிட்டார். ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை எழுதின மாதிரி கோணலும் மாணலுமா கடுதாசி வரும். தபால்காரர், "என்னம்மா, சார் கவர் எழுதற ஆளை மாத்திட்டாரா?"ன்னு கேட்டார். உள்ள போய் ஒரு பாட்டம் அழுதுட்டு வந்தேன். போன வருஷம் சவுதில யான்புக்கு மாத்தினாங்க. அங்கயும் கேரவன்தான்.

போன மாசம் லீவுல வந்திருக்கார். ஜலஜாவுக்கு இப்ப ஏழு வயசு. கத்தல, கட்டிக்கவும் இல்ல. "வாங்கப்பா"ன்னு விருந்தாளியைக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிட்டா.

நேத்து மத்தியானம் யான்பு போட்டோ காட்டினார். மணல்ல ஒரு கேரவன், வாசப்படியில அவர் உக்காந்திருக்கார். "இங்க நிறுத்தின நிறுத்துல வாசல் தானாவே கிழக்க அமைஞ்சிருக்கு. திருப்பவே வேண்டியதில்ல"ன்னு சிரிச்சார். அவ்வளவுதான், எனக்கு உடைஞ்சிடுச்சு. ட்ரங்குப் பெட்டி, அலமாரி, கேசரி, மூணு நாள் சாஸ்திரம், எல்லாத்தையும் கொட்டித் தீர்த்துட்டேன். "நான் இருக்கேன்னுதான் சொல்ல இருந்தேன். என்னாலதான் எல்லாம் போச்சு"ன்னு விக்கி விக்கி அழுதேன்.

அவர் போட்டோவைக் கவர்ல போட்டார். மூணு விரலால கவர் வாயை மடிக்க அவருக்கு நேரம் ஆகும்.

"தெரியும்"னார். "பெட்டி காலியாக் கிடந்துச்சு, துணியெல்லாம் அலமாரிக்குள்ள இருந்துச்சுன்னு, நம்ம சாமானை எடுக்கப் போன சோலைமுத்து ரெண்டாம் நாளே வந்து சொன்னான்."

"தெரிஞ்சுமா அன்னைக்கு ஆஸ்பத்திரில அப்படிச் சொன்னீங்க?"

"நீ 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன். தலையை ஆட்டினே. சரி, அந்தக் காத்துல பயந்து மனசு மாறிட்டா போலன்னு விட்டுட்டேன்."

"நான் அன்னைக்குச் சொல்லியிருந்தா?"

"வேற கம்பெனி பார்த்திருப்பேன். எங்கயாவது ஒரு ரூம் பார்த்திருப்பேன். கை இப்படி ஆனா என்ன, கால் நல்லாத்தானே இருந்துச்சு"ன்னார். குரல்ல கோபமே இல்ல. இருந்திருந்தா எனக்கு எவ்வளவோ ஆறுதலா இருந்திருக்கும்.

ஸ்கூல் விட்டு ஜலஜா வந்தா. பையை ஆணியில மாட்டிட்டு, அவரைத் தாண்டி என்கிட்ட வந்து, "அம்மா, அப்பா என்னிக்குப் போறாங்க?"ன்னு என் காதுக்குள்ள கேட்டா. ரகசியமாக் கேக்கறதா நினைப்பு. அவருக்குக் கேட்டுடுச்சு. நான் பதில் சொல்றதுக்குள்ள அவரே சொன்னார்.

"இன்னும் ஒம்பது நாள் இருக்கும்மா."